ஆனி மாதத்தின் கடைசி இரண்டு நாட்கள்

பழைய டீசல் வண்டி பார்க்கப் போனால் முதலில் பானட்டின் மேல் கையை வைக்க வேண்டும். சாவியைக் கேட்பதற்கு முன், பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன், கை. தகடு குளிர்ந்திருந்தால் மேற்கொண்டு பேசலாம். சூடாக இருந்தால், நாம் வந்து சேருவதற்குள் விற்கிறவர் வண்டியை ஒரு ஓட்டம் ஓட்டி வைத்திருக்கிறார், காலையில் முதல் தடவை கிளப்பும்போது அது படுகிற பாட்டை நம்மிடமிருந்து மறைக்கிறார் என்று அர்த்தம். பெரம்பலூர் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கும் பாய் இதைச் சொல்லிக்கொடுத்தார். சொன்னது எனக்கு. கற்றுக்கொண்டது என் மனைவி.

"சுடுதாக்கா?" என்பார் பாய்.

"இல்லண்ணே. பச்சத்தண்ணி."

"அப்ப சாவியக் கேளுங்க."

நாங்கள் பார்த்தது மூன்று வண்டிகள். மூன்றிலும் அவள்தான் கை வைத்தாள். உள்ளங்கையைப் பரப்பி, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல வைத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். அந்தக் கையை நான் அப்போது கவனித்துப் பார்த்திருக்க வேண்டும். வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கீழப்பழுவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். குடியிருப்பது அரியலூர். எழுதுகிறவன் என்று நாலு பேர் சொல்வார்கள். நிலைகொள்ளாதவன் என்று அவள் ஒருத்தி சொல்வாள். ஒரு நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார மாட்டேன், ஒரு வரியில் அவ்வளவு நேரம்கூட உட்கார மாட்டேன். ஆனால் ஸ்டியரிங்கில் நான் நத்தை. பைக்கில் போனால் சைக்கிள்காரர்கள் என்னை முந்துவார்கள். வேகம் எங்கள் வீட்டில் அவளுடைய சொத்து. உடையார்பாளையத்துக்குக் கிழக்கே முந்திரிக்காடு வைத்திருந்தவர் மகள். பதினேழு வயதில் அப்பாவின் டிராக்டரை ஓட்டியவள். முந்திரி மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில், தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு, டிரெய்லர் துள்ளத் துள்ள அவள் வந்ததைப் பார்த்துவிட்டு, பெண் பார்க்கப் போயிருந்த என் பெரியப்பா, "இந்தப் பொண்ணு வேணாண்டா, உன்ன ஏத்திட்டுப் போயிரும்" என்றாராம்.

அவளைக் கட்டிக்கொண்டு வந்து நான் கொடுத்தது பின் சீட்டு. முதலில் சைக்கிள் கேரியர், பிறகு பைக்கின் பின்புறம். இருபது வருஷம் என் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கல்யாணமான மூன்றாம் வருஷம் டவுனில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க் காருக்கு லைசென்ஸ் எடுத்தாள். அதைப் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்தாள். காலாவதியானபோது மறக்காமல் புதுப்பித்தாள். எங்களிடம் கார் இல்லை. பிறகு தானே ஒரு ஸ்கூட்டி வாங்கி, சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டுப் போய் வந்துகொண்டிருந்தாள்.

ஸ்கூட்டி நின்றது இடது கண்ணால். சர்க்கரை. ஒரு வருஷமாகக் கண்ணுக்குள் கசிந்துகொண்டிருந்ததை இரண்டு பேரும் கண்ணாடி நம்பர் மாறியிருக்கிறது என்று நினைத்தோம். திருச்சிக்குப் போவதற்குள் இடது கண் முடிந்துவிட்டது. வலது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். மூன்றாவது தடவை லேசர் வைத்துவிட்டு வெளியே வரும்போது அவள் கதவருகே நின்று திரும்பி, "டாக்டரம்மா, நான் கார் ஓட்டலாமா?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"லைசென்ஸ் இருக்கா?"

"இருக்கு. ஒரு நாளும் ஓட்டுனதில்ல."

"வலது கண்ணுல இப்ப நல்லாத் தெரியுது. பகல்ல, கூட்டமில்லாத ரோட்டுல ஓட்டுங்க. ஆனா எத்தன நாளைக்குன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்கம்மா. உள்ள எப்ப வேணா ரத்தம் கசியலாம். நாளைக்கும் ஆகலாம், பத்து வருஷம் ஆகாமயும் இருக்கலாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம். கல்லக்குடி தாண்டியதும், "கார் வாங்குவோம்" என்றாள்.

"வாங்கி?"

"நான் ஓட்டணும். கண்ணு இருக்கயிலயே."

அவ்வளவுதான். அதற்காகத்தான் வண்டி. இதை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அடுத்த இரண்டு மாதத்தில் மைலேஜ், சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் என்று எல்லாவற்றையும் பேசிய நான், இந்த ஒன்றை எப்படியோ நடுவில் கீழே போட்டுவிட்டேன்.

எனக்குப் பிடித்தது கூரை உயர்ந்த, பொறுமையான வண்டி. தயிர்சாதம் மாதிரி. ஏறவும் இறங்கவும் சுலபம், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் வந்தால் பையெல்லாம் பின்னால் போடலாம், சம்பந்தி என்று நாளைக்கு யாராவது வந்தால் ஏற்றிப் போகலாம். "குடும்பத்துக்கேத்த வண்டி" என்றேன்.

"குடும்பம்னா யாருங்க? நீங்களும் நானும். அஞ்சு சீட்டும் இருக்கட்டும், டிக்கியும் இருக்கட்டும், வேணாங்கல. ஆனா அமுக்குனா இழுக்கணும். இல்லாட்டி டவுன் பஸ்ஸே போதும்."

பாய்க்கு அவளை அன்றே பிடித்துவிட்டது. "அக்கா கேக்குறது டர்போ டீசல் சார். பாக்கக் குடும்பஸ்தன், உள்ளாற ரவுடி. புதுசா இப்ப அந்த மாதிரி வரதில்ல. பழசுலதான் தேடணும்."

முதல் வண்டி எங்கள் அரியலூரிலேயே, நாலு தெரு தள்ளி. கை வைத்தாள், குளிர்ந்திருந்தது. பாய் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன மேகம் எழும்பி அவர் மீசையில் உட்கார்ந்தது.

"சார், இத இன்னும் நாலு தட்டு தட்டுனா ஒரு மூட்ட சிமெண்ட் வரும். மேல ஒரு மாடி கட்டிக்கலாம். அரியலூர் வண்டி வேணாம். காலைல பல் வெளக்குறப்பவே தூசி குடிச்ச வண்டி. ஹைவேஸ் பக்கம் ஓடுனதாப் பாப்போம்."

"நாங்களும் அரியலூர்தாண்ணே. நாங்களும்தான் குடிக்கிறோம்" என்றாள்.

"உங்களுக்கு ஃபில்டர் அல்லா போட்டது அக்கா."

இரண்டாவது வேப்பந்தட்டையில். பளபளவென்று நின்றது. பாய் கதவிடுக்கில் விரலை விட்டுத் தேய்த்தார், தரையில் படுத்து அடியில் டார்ச் அடித்தார், எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "முழுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க சார். மாப்பிள்ளைக்குப் பவுடர் போட்ட கணக்கா" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க என்னப் பாக்க வந்தன்னிக்குப் போட்டிருந்தீங்களே, அந்த மாதிரியா?"

பாய் ஸ்பேனர் கீழே விழும்படி சிரித்தார். வண்டிக்காரருக்கு என்னவென்று புரியாமலே அவரும் சிரித்தார். பிறகு பாய் என்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி அதன் மேலேயே தலைகீழாக வைத்தார். மூடி கொதிக்கிற உலைமூடி போலக் குதித்தது. குதித்தால் என்ஜின் உள்ளே தேய்ந்துவிட்டது என்று பொருள். பின்னால் புகைக்குழாயைக் காட்டினார். "வெள்ளையா வந்தா ஒரு வியாதி, நீலமா வந்தா ஆயில் குடிக்கிது, கறுப்பா கத்தையா வந்தா இழுக்க மூச்சு பத்தல. பாத்துக்கங்க அக்கா." அவள் பார்த்துக்கொண்டாள். ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, புகையின் நிறத்தைப் பரீட்சைக்குப் படிக்கிற பெண் போல.

மூன்றாவது வண்டி அரும்பாவூரில், சின்ன வெங்காயம் போட்டு வைக்கிற கொட்டகையில் நின்றது. பெரியவர் ஒருவருடையது. மகன் ஆசையாய் வாங்கி நாலு வருஷம் ஓட்டி, வெளிநாடு போய்விட்டான். பெரியவருக்கு ஓட்டத் தெரியாது. வாரம் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கிளப்பி வைத்துக்கொண்டிருந்தார். அடர்நீலம். தாழ்ந்த மூக்கு. அகலமான டயர். படுதாவை அவர் இழுத்தபோது கொட்டகையின் இருட்டுக்குள் ஒரு குளம் திறந்தது போலிருந்தது. கதவைத் திறந்தால் குப்பென்று வெங்காய வாசம். சீட்டு, தரை விரிப்பு, மேல்துணி எல்லாவற்றிலும்.

"எவ்வளவு கழுவுனாலும் போவாது தாயி. சொல்லிடுறேன்" என்றார் பெரியவர்.

"இருக்கட்டுங்கய்யா. கண்ணுல தண்ணி வந்தா வெங்காயம்னு சொல்லிக்கலாம்" என்றாள்.

கை வைத்தாள். பச்சத்தண்ணி. பாய் கிளப்பினார். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. மூடி குதிக்கவில்லை. புகைக்குழாயில் விரல் விட்டு எடுத்து, கரி அதிகம் ஒட்டாத அந்த விரலை என்னிடம் காட்டாமல் நேராக அவளிடம் காட்டினார். "மாஷா அல்லா" என்று மட்டும் சொன்னார்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். முதலில் பாய், பிறகு வேப்பந்தட்டைச் சாலையில் நான். மேற்கே பச்சைமலை கூடவே நடந்து வந்தது. இரு புறமும் மக்காச்சோளம் முழங்காலளவு. என்ஜின் சுற்றைக் காட்டும் முள் இரண்டாயிரத்தைத் தாண்டும் வரை வண்டி பேசாமல் இருக்கிறது. தாண்டியதும் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிறார்கள், மெல்லிய ஒரு விசில். நான் பயந்து காலை எடுத்தேன்.

"எடுக்காதீங்க சார்! இழுக்குறப்ப எடுத்தா அதுக்கு அவமானம்!"

நடுக்கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தேன். பெரியவருக்கு அருகில் அவள் கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, தல சுத்துதா?"

"இல்ல. சத்தம் கேக்குறேன். மூணுலேருந்து நாலுக்கு சீக்கிரம் மாத்திட்டீங்க. இன்னும் கொஞ்சம் பாடியிருக்கும்."

கொட்டகைக்குத் திரும்பினோம். நான் இறங்கியதும் அவள் வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை. கீழே கைவிட்டு, சீட்டை நகர்த்துகிற கம்பியைத் தேடிப் பிடித்து முன்னால் இழுத்தாள். டக், டக், டக், டக். கிளட்சை மிதித்துப் பார்த்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தாள். நாற்பத்தாறு வயது. அந்த முகத்தை நான் டிராக்டரில் கூடப் பார்த்ததில்லை; அது பெரியப்பா பார்த்த முகம்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்றாள்.

"போயிட்டு வாம்மா, அதுக்கென்ன. வெறும் ரோடுதான்" என்றார் பெரியவர். பாய் மறுபக்கக் கதவைத் திறந்தே விட்டார், கூட உட்கார.

நான்தான் சொன்னேன். "வேணாம்மா. அடுத்தவங்க வண்டி. ஒரசிகிரசிட்டா? நம்ம கைக்கு வந்துடட்டும், அப்புறம் நாள் பூரா ஓட்டு."

எழுதும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. அன்றும் நியாயமாக இருந்தது. நியாயத்தின் அடியில் என்ன இருந்தது என்று இப்போது கேட்டால், எல்லோர் முன்னாலும் என்னைவிட அவள் நன்றாக ஓட்டிவிடுவாள் என்ற சிறுமையும் ஒரு ஓரத்தில் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவள் ஸ்டியரிங்கை ஒரு தடவை தடவிவிட்டு இறங்கினாள்.

விலை படிந்தது. வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்தேன். பெரியவர், "மிச்சத்தை மெதுவாக் குடுங்க வாத்தியாரே, வண்டிய இப்பவே ஓட்டிட்டுப் போங்க. இன்னும் ரெண்டு நாள்ல ஆடி பொறந்துடும். ஆடியில வண்டி கை மாத்த மாட்டாங்க" என்றார்.

இங்கேதான்.

நான் நல்ல நேரம் பார்க்காதவன். ராகுகாலத்தைக் கிண்டல் செய்து மேடைகளில் கைதட்டு வாங்கியவன். மகளுக்குப் பெயர் வைத்தது எமகண்டத்தில் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவன். அப்படிப்பட்டவனின் கண் பெரியவரின் தோளுக்குப் பின்னால், கொட்டகைச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டருக்குப் போயிற்று. ஆனியில் மிச்சம் இரண்டு நாள். இன்றைக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி.

எனக்காக என்றால் பார்த்திருக்க மாட்டேன். சத்தியம். ஆனால் அவள் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு அஷ்டமியில் வண்டி எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் எதிர்த்துப் பேசியதற்கெல்லாம் சேர்த்து வைத்து, அந்த அஷ்டமி அவள் கண்ணில் கை வைத்துவிட்டால்? நம்பாதவனுக்கு வருகிற பயம் நம்புகிறவனுக்கு வராது. அவனுக்குப் பரிகாரம் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது. காத்திருக்க மட்டும் தெரியும்.

"அஷ்டமி நவமியா இருக்குங்கய்யா" என்றேன்.

பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்த்தாள். பிறகு, "நீங்களா?" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் கேலி இருந்தது, ஆச்சரியம் இருந்தது. கடைசியில், எதற்காக நான் பயப்படுகிறேன் என்று தெரிந்துவிட்டதும் ஒரு கனிவு வந்தது. அந்தக் கனிவுதான் என்னை இன்றைக்கும் தூங்க விடாதது. கோபித்திருந்தால் எடுத்திருப்பேன்.

"அப்ப ஒண்ணு செய்வோம். பதினெட்டாம் பெருக்கு நல்ல நாளு. ஆடியில அன்னிக்கு ஒரு நாளு எதையும் எடுக்கலாம். ஒரு இருபது நாளு படுதாவுக்குள்ள கெடக்கட்டும். உங்க வண்டிதான். யாரையும் தொடவுட மாட்டேன்" என்றார் பெரியவர்.

இருபது நாள். என்ன ஆகிவிடப் போகிறது?

அந்த நாட்களில் அவள் வீட்டுக்குள் வண்டி ஓட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் கியர் போடுவாள். குக்கர் மூன்றாவது விசில் அடித்தால், "நாலு போடலாம்" என்பாள். வண்டி எடுத்ததும் முதலில் எங்கே போவது என்பதில் சண்டை. நான் கோயில் என்றேன், என் புதுப் பக்தியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்குச் சொந்த ஊரின் முந்திரிக்காட்டுப் பாதை. டிராக்டர் போன அதே பாதையில். "எங்கப்பன் இருந்திருந்தா வேலியோரம் நின்னு பாத்திருக்கும்."

ஆடி பதினாறு. காலை. இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. வைத்த விதம் சரியில்லை. எழுந்து போனேன். அடுப்பின் எதிரே அசையாமல் நின்றிருந்தாள்.

"ஏங்க, கண்ணுக்குள்ள பொகையா எறங்குது."

"இட்லி ஆவிம்மா. கண்ணாடியத் தொடச்சுக்க."

"ஆவி வெள்ளையால்ல இருக்கும்" என்றாள், மிக நிதானமாக. "இது கறுப்புங்க. கத்தையா."

பதினெட்டாம் பெருக்கன்று நாங்கள் திருச்சியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தோம். காவிரிக்குப் போகிற பெண்களின் பேச்சும் பிள்ளைகளின் கூச்சலும் தெருவை நிறைத்துக்கொண்டு போயின. வலது கண்ணைக் கட்டியிருந்தார்கள். "தண்ணி நெறைய வருதாமா?" என்று கேட்டாள். வருகிறது என்றேன். "நல்லது" என்றாள். பெரியவர் போன் செய்தார். வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வாங்கிக் காத்திருப்பதாகச் சொன்னார். அவளே போனை வாங்கினாள். "இன்னிக்கி வர முடியலங்கய்யா. கண்ணு கொஞ்சம் சரியில்ல. படுதாவப் போட்டு வைங்க."

ஆபரேஷன் செய்தார்கள். நாள் கணக்கில் குப்புறப் படுக்க வைத்தார்கள். உள்ளே விழித்திரை பிய்ந்துவிட்டது என்றார்கள், மறுபடி செய்தார்கள். ஆவணிக் கடைசியில் கட்டை அவிழ்த்தபோது ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொன்னாள். அவ்வளவுதான் மிஞ்சியது. வெளிச்சம் வரும் திசை.

பெரியவர் திரும்பப் போன் செய்தார். "வாத்தியாரே, சங்கடப்படாதீங்க. வேணாம்னா சொல்லுங்க. முன்பணம் அப்படியே இருக்கு."

வேண்டாம் என்றுதான் சொல்லவிருந்தேன். அவள் கட்டிலிலிருந்தே, "எடுத்துக்கலாம். நானும் வரேன்" என்றாள்.

"இப்ப எதுக்கும்மா?"

"பேசி முடிச்சுட்டு வேணாம்னா, பொண்ணு வூட்ல என்ன நெனப்பாங்க?"

பஸ்ஸில் போனோம். அன்றைக்கு என்ன திதி என்று நான் பார்க்கவில்லை. இன்றுவரை தெரியாது. பெரம்பலூரில் பாய் ஏறிக்கொண்டார். வழக்கமாக வாய் ஓயாதவர் டிக்கெட் எடுத்துவிட்டு அரும்பாவூர் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கொட்டகை வாசலில் அவள் என் கையை விட்டுவிட்டு, வாசத்தைப் பிடித்துக்கொண்டே நாலு எட்டு தானாக நடந்தாள். படுதா விலகும் சத்தம். கையை நீட்டினாள். உள்ளங்கையைப் பரப்பி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

"பச்சத்தண்ணி" என்றாள்.

பாய் ஃபில்டரைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் குனிந்துகொண்டார். வெகு நேரம் நிமிரவில்லை.

அவளை இடது பக்கம் உட்கார வைத்து பெல்ட் போட்டுவிட்டு, சுற்றி வந்து ஏறினேன். உட்கார முடியவில்லை. முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. பெரியவர் சொன்ன சொல் தவறாதவர். யாரையும் தொட விடவில்லை. பெருக்கன்று வண்டியை வெளியே எடுக்காமல் நின்ற இடத்திலேயே கழுவியிருக்கிறார். ஆனி மாதத்தில் அவள் இழுத்து வைத்த இடத்திலேயே சீட்டு இருந்தது. கண்ணாடியும் அவள் திருப்பி வைத்த சாய்விலேயே. அதில் என் கழுத்துதான் தெரிந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்து, சத்தம் வராமல் தள்ளப் பார்த்தேன். அந்தச் சீட்டு சத்தமில்லாமல் நகராது. டக். டக். டக். டக்.

"பின்னாடி தள்ளிட்டீங்களா?" என்றாள்.

"கால் இடிச்சுதும்மா."

"ஆமா. உங்களுக்கு இடிக்கும்."

கிளம்பினோம். பாய் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஊரைத் தாண்டி வெறும் சாலை வந்ததும், அவளுடைய வலது கை காற்றில் தடவித் தடவி வந்து கியரின் மேல், என் இடது கையின் மேல் விழுந்தது. என் கையை விலக்கினாள். "நீங்க கிளட்ச மட்டும் மிதிங்க. நான் சொல்றப்ப."

ரெண்டு. காத்திருந்தாள். விசில் எழுந்தது. "ம்." மிதித்தேன். மூன்று. என் கையால் ஒரு நாளும் அவ்வளவு வழுக்கலாக விழுந்ததில்லை. வண்டி அவள் காதுக்குள் ஓடியது. நானாக இருந்தால் எப்போதோ மாற்றியிருப்பேன். அவள் அந்தச் சத்தம் முழுவதையும் பாடவிட்டாள். சோளம் இப்போது ஆளுயரம். நாலு. பச்சைமலை ஓடியது. அஞ்சு. அஞ்சுக்கு மேல் கியர் இல்லை. கை சிறிது நேரம் அங்கேயே இருந்தது, பிறகு மடிக்குத் திரும்பியது.

"அன்னிக்கே ஓட்டியிருப்பேன்" என்றாள்.

அதன் பிறகு அதை அவள் ஒருபோதும் சொன்னதில்லை. அன்று சொன்னதில் குற்றச்சாட்டும் இல்லை. மழை பெய்திருக்கும் என்று சொல்வது போல. வெங்காயம்தான் என்று சொல்லிக்கொள்ளும்படி எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அவள் அன்று சொன்ன வேடிக்கை எனக்கும் உதவியது.

முந்திரிக்காட்டுப் பாதைக்கு நாங்கள் இன்னும் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கும், மகள் வந்தால் பஸ் ஸ்டாண்டுக்கும், சந்தைக்கும் போகிறோம். இப்போது அது குடும்பத்துக்கேற்ற வண்டியாகிவிட்டது. என் ஓட்டத்தில் அதற்கு இரண்டாயிரத்துக்கு மேல் முள் போவது அபூர்வம். பாய் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம், "தூங்குது சார். வாரம் ஒரு நாளாச்சும் எழுப்புங்க" என்கிறார்.

ஒன்று மட்டும் நான் செய்துகொண்டிருந்தேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அவளை உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு, பையை எடுக்கிற சாக்கில் திரும்பி வந்து, டிரைவர் சீட்டை முன்னால் இழுத்து வைப்பேன். அவள் வைத்த அதே நாலு பல்லுக்கு. காலையில் பள்ளிக்குப் போகும்போது பின்னால் தள்ளிக்கொள்வேன். ஒரு இடம் காலியாக, தயாராக இருக்கட்டும் என்று. பாவமன்னிப்புக்கு எனக்குத் தெரிந்த ஒரே சடங்கு.

போன வாரம் சந்தையிலிருந்து வந்தோம். அவளைச் சோபாவில் உட்கார வைத்தேன். வெளியே போய், கதவை மெல்லத் திறந்து, இழுத்து வைத்துவிட்டு, காய்கறிப் பையோடு வந்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க."

"சொல்லும்மா."

"தெனம் அத முன்னாடி இழுத்து வைக்காதீங்க. சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

பையைத் தரையில் வைத்தேன். திரும்ப வெளியே போனேன். வெயிலில் வண்டி நின்றது. கதவைத் திறந்து, கம்பியைப் பிடித்து, சீட்டைப் பின்னால் தள்ளினேன். நாலு தடவை. ஒவ்வொன்றும் அவளுக்குக் கேட்கும்படி.